வெக்டரும் ஸ்கேலரும்: ஆத்தங்குடித் தரையிலிருந்து தேர்வடம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இயற்பியல் எடுத்துப் பதினோராம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளிடம் வெக்டர் என்றால் என்ன என்று கேட்டால் பதில் சட்டென்று வரும்: எண்மதிப்பும் திசையும் இருந்தால் வெக்டர், எண்மதிப்பு மட்டும் இருந்தால் ஸ்கேலர். சரி, மின்னோட்டத்துக்கு எண்மதிப்பு உண்டு. கம்பியில் அது எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறியும் போடுகிறோம். அப்படியானால் அது வெக்டர்தானே? புத்தகம் ஸ்கேலர் என்கிறது. ஏன் என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகளிடம் பதில் இல்லை. மனப்பாடம் செய்த வரையறை அங்கே கைகொடுப்பதில்லை.

அந்த வரையறை தப்பில்லை, பாதிதான். மீதிப் பாதி கூட்டலில் இருக்கிறது. ஓர் அளவு வெக்டரா இல்லையா என்பதை அது இன்னொன்றோடு எப்படிக் கூடுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. 3 கிலோ அரிசியும் 4 கிலோ அரிசியும் எப்போதும் 7 கிலோ. ஆனால் 3 நியூட்டன் விசையும் 4 நியூட்டன் விசையும் சேர்ந்தால் 7 ஆகலாம், 5 ஆகலாம், 1 கூட ஆகலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கூட்டலைச் சுற்றித்தான் போகிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இருக்கிற மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இதற்கு வேண்டிய உதாரணங்கள் எல்லாம் நம் வீட்டிலும் வீதியிலுமே கிடக்கின்றன. கையில் ஒரு பென்சிலும் அளவுகோலும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: எண்ணைச் சொன்னால் போதுமா?

எந்த அளவைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: எண்ணையும் அலகையும் சொன்னதும் விஷயம் முடிந்துவிடுகிறதா, அல்லது "எந்தப் பக்கம்?" என்று கேட்கத் தோன்றுகிறதா?

நிறை, நேரம், வெப்பநிலை, அடர்த்தி, ஆற்றல், கடந்த தொலைவு, வேகம் ஆகியவை எண்ணோடு முடிந்துவிடும். இவை ஸ்கேலர். இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம், விசை, உந்தம் ஆகியவற்றுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லியாக வேண்டும். இவை வெக்டர்.

இதில் இரண்டு இடங்களில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஒன்று, கழித்தல் குறி. வெப்பநிலை −5 டிகிரி என்றால் அந்தக் குறி திசையைக் காட்டவில்லை. சுழியத்துக்குக் கீழே என்றுதான் பொருள். கழித்தல் குறி இருப்பதாலேயே ஓர் அளவு வெக்டர் ஆகிவிடாது. இன்னொன்று, நிறையும் எடையும். கடையில் எடை என்று நாம் கேட்பது இயற்பியலில் நிறை. அது கிலோகிராமில் வரும் ஸ்கேலர். இயற்பியலில் எடை என்பது பூமி அந்தப் பொருளை இழுக்கும் விசை. நியூட்டனில் வரும், எப்போதும் கீழ்நோக்கி இருக்கும், வெக்டர்.

இரண்டாம் படி: நடந்த தூரமும் நகர்ந்த தூரமும்

செட்டிநாட்டு ஊர்களின் வீதிகள் கட்டம் போட்டதுபோல நேராக ஓடி, குறுக்குத் தெருக்களைச் செங்கோணத்தில் வெட்டும். பெரிய வீடுகள் ஒரு வீதியில் முகப்பில் தொடங்கி, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு, அடுத்த வீதியில் பின்வாசலோடு முடியும். முன்வாசலில் நின்று பார்த்தால் கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும். இயற்பியல் சொல்லிக்கொடுக்க இதைவிட வசதியான கட்டடம் கிடைக்காது.

ஒரு வீட்டின் நீளம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்வாசலில் இருந்து பின்வாசலுக்குப் போக வேண்டும், ஆனால் வீடு பூட்டியிருக்கிறது. வீதியில் 60 மீட்டர் நடந்து முனைக்குப் போகிறீர்கள். குறுக்குத் தெருவில் 50 மீட்டர். திரும்பிப் பின்வீதியில் 60 மீட்டர். கடந்த தொலைவு 170 மீட்டர். இடப்பெயர்ச்சி? முன்வாசலில் இருந்து பின்வாசலுக்கு வரையும் நேர்கோடுதான்: 50 மீட்டர், வீட்டின் நீளவாக்கில். வீடு திறந்திருந்து நேராக உள்ளே நடந்து போயிருந்தாலும் இடப்பெயர்ச்சி அதே 50 மீட்டர்தான். பாதை எப்படி வளைந்தாலும் இடப்பெயர்ச்சி தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கும்.

இதே வேறுபாடுதான் வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் இடையே உள்ளது. காரைக்குடியில் இருந்து தேவகோட்டைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். பேருந்தில் போய்த் திரும்பி வர மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆனால், சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். சராசரித் திசைவேகம் சுழியம், ஏனென்றால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். "ஒன்றரை மணி நேரம் பயணம் செய்தும் சுழியமா?" என்று சிலர் இதை ஏற்கத் தயங்குவார்கள். நீங்கள் பயணம் செய்யவில்லை என்று அந்தச் சுழியம் சொல்லவில்லை. தொடங்கிய இடத்தில் இருந்து எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்கிறது.

மூன்றாம் படி: தரையில் அம்பு வரையுங்கள்

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சதுரம் சதுரமாக இருக்கும். அதையே வரைபடத்தாளாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு மூலையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். கிழக்கே 3 கல், அப்புறம் வடக்கே 4 கல் எண்ணிப் போய் அங்கே இன்னொரு புள்ளி. முதல் புள்ளியில் இருந்து இரண்டாவதுக்கு நேராக ஒரு கோடு போட்டு முனையில் அம்புத்தலை போடுங்கள். இதுதான் வெக்டர். கோட்டின் நீளம் எண்மதிப்பு, அம்புத்தலை திசை.

நீளத்தைப் பிதாகரஸ் தேற்றம் தரும்: √(3² + 4²) = √25 = 5 கல். கல்லின் பக்கம் 25 செ.மீ. என்றால் 1.25 மீட்டர். திசை, கிழக்கில் இருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 53 டிகிரி. டேன் மதிப்பு 4/3 வருகிற கோணம். நூலைப் பிடித்து அளந்து பாருங்கள். கணக்கில் வந்த 5 தரையிலும் வருவதைக் கண்ணால் பார்க்கும்போது நம்பிக்கை தானாக வரும்.

இப்போது அதே அம்பை அறையின் இன்னொரு மூலையில் வரையுங்கள்: கிழக்கே 3, வடக்கே 4. இரண்டும் ஒரே வெக்டரா? ஆம். நீளமும் திசையும் ஒன்றாக இருந்தால் வெக்டர் எங்கே கிடந்தாலும் சமம்தான். திருப்பாமல், நீட்டாமல், சுருக்காமல் அம்பைத் தள்ளி வைக்கலாம். கூட்டலுக்கு இந்தச் சுதந்திரம் தேவைப்படும்.

எழுதும் முறையும் இங்கேயே புரிந்துவிடும். கிழக்கே ஒரு கல் நீளமுள்ள அம்பை ஐ கேப் என்றும், வடக்கே ஒரு கல் நீளமுள்ளதை ஜே கேப் என்றும் வைத்துக்கொண்டால், நம் வெக்டர் 3 ஐ கேப் + 4 ஜே கேப். மேலே தொப்பி போட்ட ஓரலகு வெக்டர்கள் என்று வகுப்பில் பயமுறுத்துவது இந்த ஒரு கல் நீளத்தைத்தான். மேற்கே போனால் ஐ கேப்புக்கு முன் கழித்தல் குறி. வெக்டரில் கழித்தல் குறி உண்மையிலேயே திசையைக் காட்டுகிறது: எதிர்ப்பக்கம்.

நான்காம் படி: கூட்டல், தேர்வடத்தில்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன.

முதல் அம்பின் தலையில் இரண்டாவது அம்பின் வாலை வையுங்கள். முதலின் வாலில் இருந்து இரண்டாவதின் தலைக்கு வரையும் அம்பு, கூட்டலின் விடை. இதைத் தொகுபயன் வெக்டர் என்பார்கள். இது முக்கோண விதி. இரண்டு அம்புகளின் வாலையும் ஒரே புள்ளியில் வைத்து இணைகரத்தை முடித்தால், அந்தப் புள்ளியில் இருந்து புறப்படும் மூலைவிட்டமும் அதே விடையைத் தரும். விசைகளுக்கான இந்த இணைகர விதியை நியூட்டன் 1687இல் தன் இயக்க விதிகளை அடுத்து முதல் கிளைத்தேற்றமாகவே வைத்தார்.

தேரோட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தேரின் முன்பக்கம் இரண்டு வடங்கள். ஒவ்வொரு வடத்திலும் கூட்டம் 6000 நியூட்டன் விசையோடு இழுக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

இரண்டு வடமும் இணையாக நேரே போனால் மொத்த இழுப்பு 12,000 நியூட்டன். வடங்களுக்கு நடுவே 60 டிகிரி விரிந்தால் 10,392. 90 டிகிரி என்றால் 8,485. 120 டிகிரி விரிந்தால் வெறும் 6000! இரண்டு கூட்டம் சேர்ந்து இழுத்தும் ஒரு கூட்டத்தின் இழுப்புதான் தேருக்குக் கிடைக்கிறது. யாரும் சோம்பவில்லை. ஒருவர் இடப்பக்கம் இழுப்பதை மற்றவர் வலப்பக்கம் இழுத்துத் தின்றுவிடுகிறார், அவ்வளவுதான். வடத்தை நேராகப் பிடிக்கச் சொல்லிப் பெரியவர்கள் சத்தம் போடுவதில் முழு இயற்பியல் இருக்கிறது.

இதற்கான சூத்திரம்: தொகுபயனின் வர்க்கம் = முதல் விசையின் வர்க்கம் + இரண்டாவதின் வர்க்கம் + 2 × முதல் × இரண்டாவது × இடைக்கோணத்தின் கோசைன். மேலே உள்ள நான்கு எண்களையும் இதில் போட்டுச் சரிபாருங்கள்.

இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால்? வலப்பக்கம் 8000, இடப்பக்கம் 6000, நடுவே 60 டிகிரி. வர்க்கங்களின் கூடுதலில் கோசைன் உறுப்பையும் சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 12,166 நியூட்டன். திசை, வலப்பக்க வடத்தில் இருந்து 25.3 டிகிரி. நடுக்கோடு 30 டிகிரியில் இருக்கிறது. அதாவது இழுப்பு நடுக்கோட்டை விட்டு 4.7 டிகிரி வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. சிறிய கோணம்தானே என்று விடமுடியாது. 20 மீட்டருக்கு அதே சாய்வில் ஒரு கோடு போட்டால், அது நடுவீதியை விட்டு ஏறத்தாழ 1.6 மீட்டர் விலகியிருக்கும். சக்கரம் பக்கவாட்டில் எளிதில் நகராது என்பதால் தேர் உடனே அப்படி ஒதுங்கிவிடாது என்றாலும், குறுகிய வீதியில் இந்தச் சாய்வு ஆபத்துதான். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்கள் வேறொரு திசையில் வேறொரு விசையைச் சேர்த்துத் தொகுபயனைத் திருப்புகிறார்கள். அந்த வேலைக்கு வேண்டிய கண்ணளவு எளிதில் வருவதில்லை.

ஐந்தாம் படி: திசை இருந்தும் வெக்டர் ஆகாதவை

இப்போது மின்னோட்டத்துக்கு வரலாம். ஒரு சந்திப்பில் இரண்டு கம்பிகள் வந்து சேர்கின்றன. ஒன்றில் 3 ஆம்பியர், மற்றதில் 4 ஆம்பியர். வெளியே போகும் மூன்றாவது கம்பியில் எவ்வளவு? 7 ஆம்பியர். கம்பிகளை 90 டிகிரியில் வளைத்தாலும் 7, 120 டிகிரியில் வளைத்தாலும் 7. தேர்வடம் போலக் கோணத்துக்கு ஏற்ப மாறவில்லை. இணைகர விதிக்கு அது கட்டுப்படவில்லை. எனவே திசை இருந்தும் ஸ்கேலர். தேர்வில் காரணம் கேட்டால் இதை எழுதுங்கள்.

ஆனால் மின்னோட்ட அடர்த்தி வெக்டர். ஒரு சதுர அலகுப் பரப்பின் வழியே எவ்வளவு மின்னோட்டம், எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை அது சொல்கிறது. காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நடப்பது போன்ற ஆய்வுகளில் மின்முனைகளைப் பற்றிப் பேசும்போது அன்றாடம் புழங்கும் அளவு அது. நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பாமல் இருப்பது நல்லது.

இன்னும் வியப்பான உதாரணம் சுழற்சி. ஒரு நோட்டை மேசைமேல், அட்டை மேலே தெரியும்படி, படிக்க வசதியாக வையுங்கள். முதலில் மேசையோடு ஒட்டியபடியே கடிகாரத் திசையில் 90 டிகிரி திருப்புங்கள். அப்புறம் உங்கள் பக்கத்து விளிம்பைத் தூக்கி 90 டிகிரி நிமிர்த்துங்கள். அட்டை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். நோட்டைப் பழையபடி வைத்து, வரிசையை மாற்றுங்கள்: முதலில் நிமிர்த்தி, பிறகு கடிகாரத் திசையில் திருப்புங்கள். இப்போது அட்டை வலப்பக்கம் பார்க்கிறது! வெக்டர் கூட்டலில் எதை முதலில் கூட்டினாலும் விடை ஒன்றுதான். தரையில் கிழக்கே 3 போய் வடக்கே 4 போனாலும், வடக்கே 4 போய்க் கிழக்கே 3 போனாலும் அதே கல்லில்தான் நிற்பீர்கள். பெரிய கோணச் சுழற்சிகள் இந்தச் சோதனையில் தோற்றுவிடுகின்றன. அச்சு, கோணம் எல்லாம் இருந்தும் அவை வெக்டர் அல்ல.

அழுத்தமும் ஸ்கேலர்தான். ஊருணித் தண்ணீருக்குள் ஒரு புள்ளியில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றே. அதற்கென்று தனித் திசை கிடையாது. ஒரு பரப்பை அங்கே வைத்தபின் அதன்மேல் செங்குத்தாகத் தள்ளும் விசைக்குத்தான் திசை.

ஆறாம் படி: உடைப்பது

கூட்டலைத் திருப்பிப் போட்டால் கூறுகள். ஒரு வெக்டரைச் செங்குத்தான இரண்டு திசைகளில் உடைத்துவிட்டால், பிறகு சாதாரணக் கூட்டல் கழித்தலே போதும். கோணத்தை ஒட்டிய கூறுக்குக் கோசைன், எதிரே உள்ளதற்குச் சைன்.

வளவைச் சுற்றி இறங்கும் நாட்டு ஓட்டுக் கூரையைப் பாருங்கள். சரிவு 30 டிகிரி, ஓர் ஓட்டின் நிறை 1 கிலோ என்று கொள்வோம். எடை 9.8 நியூட்டன், நேர்கீழே. இதைக் கூரையை ஒட்டியும் கூரைக்குச் செங்குத்தாகவும் உடையுங்கள். சரிவை ஒட்டி 9.8 × சைன் 30 = 4.9 நியூட்டன், ஓட்டைக் கீழே சறுக்க வைக்கப் பார்ப்பது இது. செங்குத்தாக 9.8 × கோசைன் 30, அதாவது ஏறத்தாழ 8.49, ஓட்டைக் கூரையோடு அழுத்துவது இது. மழைத்தண்ணீரை முற்றத்துக்கு இறக்கிவிடுவதும் சரிவை ஒட்டிய அந்தக் கூறுதான். சரிவில் எடையின் இழுப்பு எவ்வளவு என்ற கேள்வியை 1586இல் சைமன் ஸ்டெவின் ஒரு சரிவின்மேல் குண்டுகள் கோத்த சங்கிலியைப் போட்டதாகக் கற்பனை செய்தே தீர்த்தார். கோசைன், சைன் எதையும் பிடிக்காமல் வந்த அழகான வாதம் அது.

இங்கே சரிவுக்கணக்கு என்றாலே சைன் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். படத்தை வரைந்து, கோணம் எந்தக் கோட்டை ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டே எழுதுங்கள்.

ஏழாம் படி: கழித்தல், வடமாட்டில்

ஒரு வெக்டரைக் கழிப்பது என்றால் அதன் அம்பைத் தலைகீழாக்கிக் கூட்டுவது. விதி இவ்வளவே. பயன் பெரிது.

வடமாடு மஞ்சுவிரட்டில் நடுவில் கட்டிய நீண்ட வடத்தோடு காளை வட்டமாக ஓடும். வடம் இறுக்கமாக, வட்டத்தின் ஆரம் 8 மீட்டர், வேகம் மாறாமல் நொடிக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். கிழக்குப் புள்ளியில் காளை வடக்கு நோக்கி ஓடுகிறது. கால்வட்டம் போனதும் வடக்குப் புள்ளியில் மேற்கு நோக்கி ஓடுகிறது. வேகத்தில் மாற்றம் சுழியம். திசைவேகத்தில்? மேற்கே 5, அதில் இருந்து வடக்கே 5ஐக் கழிக்க வேண்டும். அதாவது மேற்கே 5ம் தெற்கே 5ம். விடை √50, நொடிக்கு ஏறத்தாழ 7.07 மீட்டர், தென்மேற்குப் பக்கம். அந்தக் கால்வட்டத்தின் நடுவில் இருந்து பார்த்தால் தென்மேற்கு என்பது வட்டமையத்தின் திசை! வட்டப்பாதையில் ஓடும் எதற்கும் முடுக்கம் மையத்தை நோக்கித்தான் என்பது இப்படித்தான் வருகிறது. அதன் எண்மதிப்பு வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தது: 25 / 8, ஏறத்தாழ 3.1 மீட்டர்/நொடி². வேகமாகவும் ஓடவில்லை, மெதுவாகவும் ஓடவில்லை, ஆனாலும் முடுக்கம் இருக்கிறது. அதைத் தருவது வடத்தின் இழுவிசை.

எட்டாம் படி: இரண்டு வகைப் பெருக்கல்

வெக்டரைச் சாதாரண எண்ணால் பெருக்கினால் நீளம் மட்டும் மாறும். கழித்தல் எண் என்றால் திசையும் தலைகீழாகும். இரண்டு வெக்டர்களைப் பெருக்கும்போதுதான் இரண்டு வழிகள்.

ஸ்கேலர் பெருக்கல்: இரண்டு எண்மதிப்புகள் × இடைக்கோணத்தின் கோசைன். விடைக்குத் திசை இல்லை. வேலை இப்படிக் கிடைப்பதுதான். தேருக்கே திரும்புவோம். இரு வடங்களுக்கும் நடுவே 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றும் வீதியின் போக்கில் இருந்து 30 டிகிரி விலகியிருக்கும். தேர் 10 மீட்டர் நகர்ந்தால் ஒரு வடம் செய்த வேலை 6000 × 10 × கோசைன் 30, ஏறத்தாழ 51,960 ஜூல். இரண்டும் சேர்ந்து 1,03,920. தொகுபயன் 10,392ஐ 10 மீட்டரால் பெருக்கினாலும் அதேதான் வரும்.

வெக்டர் பெருக்கல்: எண்மதிப்புகள் × சைன். விடை ஒரு புதிய வெக்டர், இரண்டுக்கும் செங்குத்தாக. பழைய குடுமிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். கீலுக்குப் பதிலாகக் கதவோரத்தில் மேலும் கீழும் நீட்டிய முளைதான் குடுமி, அதில்தான் கதவு திரும்பும். குடுமியில் இருந்து 1 மீட்டர் தள்ளி, கதவுப்பலகைக்குச் செங்குத்தாக 20 நியூட்டன் கொடுத்தால் திருப்புவிசை 20 நியூட்டன் மீட்டர். குடுமியில் இருந்து 25 செ.மீ.யில் தள்ளினால் அதே திருப்பத்துக்கு 80 நியூட்டன் வேண்டும். குடுமியை நோக்கியே தள்ளினால் சைன் சுழியம். எவ்வளவு பலம் கொடுத்தாலும் கதவு திரும்பாது. திசைக்கு வலக்கை விதி: குடுமியில் இருந்து கை வைத்த இடத்துக்கு விரல்களை நீட்டி, விசையின் பக்கம் மடக்கினால், கட்டைவிரல் குடுமியை ஒட்டி மேலேயோ கீழேயோ காட்டும். பெருக்கும் வரிசையை மாற்றினால் திசை தலைகீழாகும். இந்த இடத்தில் மதிப்பெண் நிறையப் போகிறது.

ஏன் இரண்டு பெருக்கல் என்ற கேள்விக்குச் சுவையான வரலாறு உண்டு. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் ஹாமில்டன் குவாட்டர்னியன் என்ற நான்கு பகுதி எண்களைக் கண்டுபிடித்தார். அந்த முறையில் இரண்டு வெக்டர்களைப் பெருக்கினால் ஒரே விடைக்குள் ஒரு ஸ்கேலர் பகுதியும் ஒரு வெக்டர் பகுதியும் வரும். 1880களில் அமெரிக்காவில் கிப்ஸ், இங்கிலாந்தில் ஹெவிசைடு, இருவரும் தனித்தனியே அந்த இரண்டு பகுதிகளையும் பிரித்தெடுத்துத் தனிப் பெருக்கல்களாக வைத்தார்கள். இன்று நம் புத்தகத்தில் இருப்பது அவர்கள் பிரித்த வடிவம்.

கையால் செய்து பார்க்க

நான்கு கணக்குகள். விடைகளும் கூடவே இருக்கின்றன. தாளால் மூடிவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

தரையில் கிழக்கே 5 கல், வடக்கே 2, மேற்கே 2, வடக்கே 2. கடந்த தொலைவு 11 கல். இடப்பெயர்ச்சி கிழக்கே 3, வடக்கே 4, ஆகவே 5 கல்.

8 நியூட்டனும் 6 நியூட்டனும் சேர்ந்து 15 தருமா? தராது. அதிகபட்சம் 14, குறைந்தபட்சம் 2. அதற்கு நடுவில் எதுவும் கோணத்தைப் பொறுத்து வரும்.

ஒரே அளவுள்ள மூன்று விசைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 120 டிகிரி. தொகுபயன் சுழியம். தேர்வடக் கணக்கில் 120 டிகிரிக்கு வந்த விடையை வைத்தே, சூத்திரம் இல்லாமல், இதை நிறுவலாம்: இரண்டு விசைகளின் தொகுபயன் மூன்றாவதுக்குச் சமம், ஆனால் நேர் எதிர்த்திசை.

ஒரு வெக்டரின் செங்குத்துக் கூறு அந்த வெக்டரைவிட நீளமாக இருக்க முடியுமா? முடியாது. சைனும் கோசைனும் 1ஐத் தாண்டுவதில்லை. உங்கள் விடையில் அப்படி வந்திருந்தால், கணக்கைத் தொடராமல் படத்துக்குத் திரும்பிப் போய்க் கோணத்தைச் சரிபாருங்கள்.